உடுவிலிலும் ரொறன்ரோவிலும் ஒரு கட்டலினா

நல்லூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் துஷாந்தினி இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறாள். வில்லைகளைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவதும், கடுகளவு திருகாணிகளை இடுக்கியால் எடுத்து முடுக்குவதும் அவளுடைய வேலை. ஐம்பத்துநாலு வயதாகியும் கை நடுங்காது. முன்பக்கத்தில் விற்பனைக்கு நிற்கும் சாருஜா ஒருநாள், "அக்கா, உங்கடை கை என்ன இரும்போ?" என்று கேட்டாள்.

"சின்னனிலை பிளேன் ஒட்டிப் பழகின கை" என்றாள் துஷாந்தினி.

சாருஜா அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

பகிடியில்லை. துஷாந்தினியின் அப்பா கப்பலில் களஞ்சியம் பார்த்தவர். வருடத்துக்கு ஒருமுறை உடுவிலுக்கு வருவார். மற்ற வீட்டு அப்பாமார் சிங்கப்பூரிலிருந்து நைலெக்ஸ் சேலையும் ரேப் றெக்கோடரும் கொண்டுவந்த காலத்தில், அவர் மகன் கோகுலனுக்குத் தட்டையான மட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்டியின் மேலே மேகத்தைக் கிழித்துக்கொண்டு போகும் ஒரு ஸ்பிட்ஃபயரின் படம். உள்ளே சாம்பல்நிற பிளாஸ்டிக் சட்டத்தில் இலக்கமிட்ட துண்டுகள் தொங்கின: சிறகுகள், சில்லுகள், விரல்நகம் அளவில் ஒரு விமானி. அப்போது கோகுலனுக்குப் பன்னிரண்டு வயது, துஷாந்தினிக்கு ஆறு.

அந்த முதல் விமானம் ஒட்டிமுடியப் பத்து நாளானது. கோகுலன் ஆங்கிலக் குறிப்பை அகராதியை வைத்து வாசித்து வாசித்து, சவர பிளேட்டால் ஒவ்வொரு துண்டாக வெட்டியெடுத்து, அம்மாவின் நகம் தேய்க்கிற அரத்தால் ஓரங்களைத் தேய்த்தார். பசைக்குப் பெற்றோலும் நகப்பூச்சும் கலந்த மாதிரி ஒரு மணம். "உந்த நாத்தத்திலை எனக்குத் தலை இடிக்குது, மாமரத்தடிக்குக் கொண்டுபோங்கோ ரெண்டு பேரும்" என்று அம்மா நல்லம்மா கலைத்துவிடுவாள். துஷாந்தினிக்கு அந்த மணம் பிடிக்கும். இன்றைக்கும் சாருஜா நகப்பூச்சு மூடியைத் திறந்தால் பின்னறையில் இருப்பவளுக்கு வாயெல்லாம் சிரிப்பு வரும்.

முதலில் அவளுக்குக் கிடைத்த வேலை ஸ்டிக்கர். சாசரில் தண்ணீர் ஊற்றி, வெட்டிய ஸ்டிக்கரை அதில் மிதக்கவிட்டு, கடதாசியிலிருந்து அது வழுக்கத் தொடங்கும்போது சிறகின்மேல் நகர்த்தி இருத்த வேண்டும். மூச்சு விட்டால் மடங்கிவிடும். "மூச்சைப் பிடி, மூச்சைப் பிடி" என்று அண்ணை காதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பார். சொல்கிறவரும் மூச்சு விடமாட்டார்.

பிறகு ஒரு ஹரிக்கேன் வந்தது. விமானி இருக்கிற கண்ணாடிக் கூண்டை ஒட்டும்போது கோகுலன் பசையைக் கூடப் போட்டுவிட்டார். கண்ணாடி பாலாடை படிந்ததுபோல வெளிறியது. பதினாறு வயதுப் பெடியன், உதட்டுக்கு மேலே மீசை அரும்பினவர், மாமரத்தடியில் குந்தியிருந்து அழுதார். பத்து வயதுத் துஷாந்தினி அந்தக் கூண்டை மெல்லக் கழற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பல்லுத் தீட்டுகிற பேஸ்டைப் பழைய பனியன் துணியில் தொட்டு, பொழுது சாயும்வரை வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். முழுதாகத் தெளியவில்லை. ஆனால் உள்ளே இருக்கிற விமானியின் முகம் தெரிந்தது.

"இனிமேல் கண்ணாடியெல்லாம் உன்ரை பொறுப்பு" என்றார் அண்ணை.

அது அவளுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம்.

வர்ணத்துக்கு, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் மிச்சம் கேட்டு வாங்கினார்கள். மூக்குச் சில்லு உள்ள விமானங்கள் வால்பக்கம் குந்திவிடும். மூக்குக்குள் பாரம் வைக்க வேண்டும். அதற்காகக் கோகுலன் அரியாலைக்குச் சைக்கிளில் போய், வலை கட்டுகிறவர்களிடம் ஈயக்குண்டு வாங்கிவருவார். ஒருமுறை சைக்கிள் பாரில் துஷாந்தினியையும் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பும் வழியில் மழை பிடித்து, ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கி, ஆளுக்கொரு வாய்ப்பன் சாப்பிட்டார்கள். இவ்வளவு வருடத்தில் அவள் சாப்பிட்ட வாய்ப்பன்களில் அதன் ருசி எதிலும் வரவில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு ஆகும்போது கோகுலனின் அறையில் பதினொரு விமானங்கள் தங்கூசி நூலில் தொங்கின. பன்னிரண்டாவது, ஒட்டி முடியாமல், மேசையில் இருந்தது. அது ஒரு கட்டலினா, கடலில் இறங்குகிற பெரிய விமானம். உலகப்போர்க் காலத்தில் காலிப் பக்கம் கொக்கலை வாவியில் இந்த விமானம்தான் நின்றது என்று அண்ணை எங்கோ வாசித்திருந்தார். "எங்கடை நாட்டிலை நிண்ட பிளேன், துஷா. இதை வடிவாச் செய்யவேணும்." உடலின் இரண்டு பக்கத்திலும் பிதுங்கிய குமிழ்க் கண்ணாடிகள் இருந்தன. அவை அவளுடைய பொறுப்பு.

அதற்குள் வானத்தில் உண்மை விமானங்கள் வரத் தொடங்கியிருந்தன. அவர்கள் வீட்டிலும் அயலிலும் எல்லாரும் குண்டுவீச்சுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டியிருந்தார்கள். சத்தத்தை வைத்தே என்ன வருகிறது என்று கோகுலன் சொல்லிவிடுவார். "தம்பி, ஹெலியோ பொம்பரோ?" என்று வேலிக்கு மேலால் கேட்பார்கள். அவர் ஒரு கணம் தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, "இறங்குங்கோ" என்பார், அல்லது "அது அங்காலை போகுது" என்பார். அவருடைய கணிப்பு ஒருநாளும் பிழைத்ததில்லை.

அந்த ஐப்பசியில் இந்திய இராணுவம் வீடு வீடாகச் சோதனை நடத்தியது. சிப்பாய்கள் கோகுலனின் அறைக்கதவைத் திறந்ததும் மேலே பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். பதினொரு போர்விமானங்கள். மேசையில் அளவுகளும் அம்புக்குறிகளும் போட்ட வரைபடம். அது விளையாட்டுப் பெட்டிக்குள் வந்த கடதாசி என்று அண்ணை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அவர்களுக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. கையைப் பின்னால் கட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினேழு வயதுத் துஷாந்தினி வாசற்படியில் நின்றாள். பெட்டியின் மேல்மட்டையைக் காட்டினால் விளங்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அதை எடுக்க உள்ளே திரும்பினால் சுட்டுவிடுவார்களோ என்றும் தோன்றியது. அவள் அசையவில்லை.

மூன்று நாள் கழித்து விட்டார்கள். அவர் வருவதற்கு முன்பே நல்லம்மா எல்லா விமானங்களையும் உரப்பையில் போட்டு மிதித்து, கட்டலினாவையும் சேர்த்து, காய்ந்த பனையோலை மேலே போட்டுக் கொளுத்திவிட்டிருந்தாள். கோகுலன் கிணற்றடியில் தார்போல உருகிக் கிடந்த கறுப்புப் பிளாஸ்டிக்கைப் பார்த்தார். "பரவாயில்லை அம்மா" என்றார். அடுத்த தை மாதம் அப்பா எப்படியோ வழி பண்ணி அவரைக் கனடாவுக்கு அனுப்பினார்.

அதற்குப் பிறகு முப்பத்தாறு வருடம். அண்ணை ரொறன்ரோவில் இரண்டு வேலை செய்தார், சுவர்ணாவைக் கலியாணம் முடித்தார், கீர்த்திகா பிறந்தாள். இரண்டு தடவை ஊருக்கு வந்தார். இரண்டும் செத்தவீடு, முதலில் அப்பாவுக்கு, பிறகு அம்மாவுக்கு. அம்மாவைக் கடைசிவரை பார்த்தது துஷாந்தினி. கலியாணப் பேச்சுகள் வந்தன, இடப்பெயர்வு வந்தது, அம்மாவின் நோய் வந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்றாய் வந்ததில் காலம் போய்விட்டது. விமானங்களைப் பற்றி அண்ணனும் தங்கையும் தொலைபேசியில் ஒருநாளும் கதைத்ததில்லை.

அண்ணைக்கு மறதி நோய் என்று போன வருடம் சுவர்ணா சொன்னாள். கடைக்குப் போன இடத்தில் காரை விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார். பிறகு ஒருநாள் வீட்டுக் கதவிலக்கத்தை மறந்திருக்கிறார். அறுபது வயதுகூட நிறையவில்லை.

கை பழகின வேலை ஏதாவது கொடுத்துப் பாருங்கள் என்று அங்கே டொக்டர் சொன்னாராம். "அப்பா, சின்ன வயசில என்ன செய்ய விருப்பம்?" என்று கீர்த்திகா கேட்டிருக்கிறாள். தகப்பன் யோசிக்காமலே "கட்டலினா முடிக்கேல்லை" என்று சொல்லியிருக்கிறார். அது யாரோ ஒரு பெண்ணின் பெயரோ என்று தாயும் மகளும் திகைத்திருக்கிறார்கள். பிறகு கீர்த்திகா இணையத்தில் தேடி, விமானம் என்று கண்டுபிடித்து, பெட்டியை வாங்கிக் கொடுத்தாள். ஒரு கிழமை கழித்து உடுவிலுக்கு அழைத்தாள்.

"மாமி, அப்பா ஒரு துண்டைக் கையில வச்சுக்கொண்டு அப்பிடியே இருக்கிறார். துஷா வந்தாத்தான் ஒட்டலாம் எண்டு சொல்லுறார். நீங்கள் வீடியோவில வருவீங்களா?"

ரொறன்ரோவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒரு குடும்பத்திடம் கீர்த்திகா கொடுத்துவிட, அதே பெட்டி இன்னொன்று துஷாந்தினிக்கு வந்துசேர்ந்தது. சனி ஞாயிறுகளில் இங்கே பின்னேரம் ஆறு மணி, அங்கே காலை எட்டரை. அவள் சாப்பாட்டு மேசையில் போனைப் பால்மாப் பேணியில் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தாள்.

முதல்நாள் அண்ணை திரையைக் கிட்டப் பார்த்தார். "என்னடி, தலை நரைச்சுப் போச்சு?"

"உங்களுக்கு மட்டும் என்ன கறுப்போ அண்ணை?"

அவர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சுவர்ணா பின்னால் நின்று வாயைப் பொத்தினாள். அவர் சிரித்து எத்தனையோ மாதம்.

கை மறக்கவில்லை. உப்புக்கடதாசியை மடித்து விளிம்பைத் தேய்க்கும் விதம், பசைக் குழாயின் வாயைத் துடைக்கும் விதம் எல்லாம் அப்படியே இருந்தன. "அவசரப்படாதை, உள்பக்கம் காயட்டும்" என்று இங்கே இருக்கிறவளைத் திருத்தினார். மழையில் ஒதுங்கிய தேத்தண்ணிக் கடையில் வாய்ப்பன் தந்தவருக்கு ஒரு கண் பூ விழுந்திருந்தது என்றார். துஷாந்தினிக்கு அது நினைவில் இருக்கவில்லை. அவர் சொன்ன பிறகு அந்த ஆள் முன்னால் வந்து நின்றார்.

"இந்த ஒரு மணித்தியாலத்திலைதான் நான் நிம்மதியாக் குளிக்கிறன், துஷா" என்றாள் சுவர்ணா.

நாலாம் கிழமை அண்ணை, "அம்மா எங்கை, காணேல்லை?" என்று கேட்டார். துஷாந்தினி உள்ளதைச் சொன்னாள். அவர் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டவர்போல மேசையில் தலையை வைத்து விம்மினார். "எனக்கு ஏன் ஒருதரும் சொல்லேல்லை?" ஐந்தாம் கிழமை மறுபடியும் கேட்டார். இந்த முறை அவள், "கோயிலுக்குப் போயிருக்கிறா அண்ணை" என்றாள். "சரி, வரட்டும்" என்று அவர் வேலையைத் தொடர்ந்தார். அன்று அவள் ஒட்டிய துண்டு கோணலாகப் போய்விட்டது. வெட்டியெடுத்துத் திருப்பி ஒட்டினாள்.

பிறகு பிழைகள் கூடிக்கொண்டு வந்தன. ஒட்டியதை மறந்து அதன்மேலேயே இன்னொன்றை ஒட்டினார். இடச்சிறகையும் வலச்சிறகையும் மாற்றிப் பிடித்துக்கொண்டு, பொருந்தவில்லையே என்று கண்கலங்கினார். "மற்றதை எடுங்கோ அண்ணை, உங்கடை வலக்கைப் பக்கம் கிடக்கு" என்று துஷாந்தினி கெஞ்சுவாள். அவர் வலக்கையைத் தூக்கிப் பார்ப்பார். அவளுடைய கை தானாகத் திரைப்பக்கம் நீளும். எட்டிப் பிடித்து அந்தத் துண்டைத் திருப்பிவிட அரை விநாடி போதும். கண்ணாடியில் விரல் முட்டி நிற்கும்.

ஒன்பதாம் கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, குமிழ்க் கண்ணாடி பொருத்தும் நாள். அவள் தன்னுடையதைப் பேஸ்ட் போட்டு மினுக்கிக் காட்டினாள். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பலாலி விமானநிலையத்துக்கு வரவேண்டிய பயணிகள் விமானம் ஒன்று பிந்தி வந்தது. உடுவிலுக்கு மேலால் தாழப் பதிந்து போனது. அவளுக்கு அது பழகின சத்தம், காதில்கூட விழவில்லை.

திரையில் அண்ணை தலையைச் சரித்தார். அந்தப் பழைய சரிப்பு.

"பொம்பர்" என்றார் அவர். "துஷா, இறங்கு!"

"இல்லை அண்ணை, அது சனம் போற பிளேன். சென்னையிலையிருந்து வாறது..."

"கதைக்காதை! பங்கருக்கை இறங்கடி! அம்மா எங்கை?"

மேசை சரிந்தது. போன் விழுந்து, முகட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தது. துஷாந்தினிக்குத் தெரிந்தது வெள்ளை முகடும் ஒரு விளக்கும் மட்டும். மிச்சமெல்லாம் சத்தம். அண்ணை அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தினார். ஏதோ நெரிந்து உடைந்தது. "கோகுலன், மெதுவா, மெதுவா, நான் சுவர்ணா" என்று மச்சாள் அழுதாள். பிறகு கீர்த்திகாவின் வீறிடல்.

"அண்ணை, நான் இறங்கிட்டன்! நான் பங்கருக்கைதான் நிக்கிறன்!" என்று துஷாந்தினி போனைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பக்கத்து வீட்டு லூர்த்தம்மா வேலிக்கரைக்கு ஓடிவந்து, "என்ன பிள்ளை, என்ன?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது? பங்கர் மூடி முப்பது வருடம். அந்த இடத்தில் தேசிக்காய் மரம் நிற்கிறது. அங்கே அண்ணைக்கு அவளுடைய குரல் கேட்டதா என்றும் தெரியவில்லை.

மறுநாள் சுவர்ணா குரல்செய்தி அனுப்பினாள். மேசைக்குக் கீழே போனவரை வெளியே எடுக்க இரண்டு மணித்தியாலம் ஆனது. தடுக்கப் போன கீர்த்திகாவின் மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு. விமானம் அவருடைய முழங்காலின் கீழ் அகப்பட்டுத் தூளாகிவிட்டது. "உன்னிலை பிழையில்லை, துஷா. ஆனா கொஞ்சக் காலத்துக்கு வேண்டாம். உன்ரை முகத்தைக் கண்டால் அவர் அந்தக் காலத்துக்கே போயிடுறார். என்னாலை ஏலாது." துஷாந்தினி அதை ஐந்தாறு முறை கேட்டாள். கோபப்பட ஓர் இடமாவது கிடைக்குமா என்று தேடினாள். கிடைக்கவில்லை.

நேரில் போவது என்று முடிவெடுத்தாள். விசாப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற ஜெயரூபனிடம் போனாள். அண்ணனின் வைத்தியக் கடிதம், கடை முதலாளியின் கடிதம், காணி உறுதி எல்லாம் வைத்து அனுப்பினார்கள். மறுத்து வந்தது. கீர்த்திகாவின் கடிதத்தையும் சேர்த்துத் திரும்ப அனுப்பினார்கள். அதுவும் மறுத்து வந்தது. ஊருக்குத் திரும்பி வருவார் என்று நம்ப இவருக்கு இங்கே போதிய குடும்பப் பிணைப்பு இல்லை என்று எழுதியிருந்தது.

"அப்பிடியெண்டா என்ன தம்பி?"

"அது அக்கா... கலியாணம், பிள்ளையள் எண்டு இருந்தா..." ஜெயரூபன் நிறுத்திக்கொண்டு, மேசையில் கிடந்த கடதாசிகளை அடுக்கத் தொடங்கினான்.

அவள் கடைக்குத் திரும்பி வந்து பின்னறையில் இருந்தாள். அன்று பின்னேரம் முடிக்க வேண்டிய கண்ணாடிகள் ஏழு இருந்தன. ஏழையும் முடித்தாள்.

மார்கழியில் அண்ணையைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். சுவர்ணா நாளும் போய் வருகிறாள். இங்கே துஷாந்தினியின் கட்டலினா ஒட்டி முடிந்துவிட்டது, வர்ணமும் அடித்தாகிவிட்டது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பார்க்கவும் முடியவில்லை, மூடி வைக்கவும் மனம் வரவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே நிற்கிறது.

போன மாசி மாதத்தில் கீர்த்திகா அழைத்தாள். "மாமி, இண்டைக்கு அப்பா அமைதியா இருக்கிறார். ரெண்டு நிமிஷம் பார்க்கிறீங்களா? அம்மாக்குச் சொன்னனான், ஓம் எண்டவ."

அண்ணை ஜன்னலோரம் இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். வெளியே பனி. திரையைப் பார்த்து மரியாதையாகத் தலையை அசைத்தார்.

"வணக்கம். நீங்கள் ஆர்? நேர்சோ?"

துஷாந்தினிக்குப் பங்கரும் சரிந்த மேசையும் நினைவில் வந்தன. பெயரைச் சொன்னால் என்ன ஆகுமோ? "நான் உடுவிலிலையிருந்து கதைக்கிறன்" என்று மட்டும் சொன்னாள்.

"உடுவிலோ?" அவருடைய முகம் மலர்ந்தது. "நான் உடுவில்தான். அங்கை எனக்கொரு தங்கச்சி இருக்கிறாள். சின்னப்பிள்ளை. கண்ணாடி வேலையெல்லாம் அவள்தான், நல்ல கைவாகு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பிளேன் வந்தா அவள் தனியப் பயப்பிடுவாள். நான் வந்திட்டன் இஞ்சாலை, என்ன செய்யிறது? நீங்கள் அந்தப் பக்கம் போனா ஒருக்காப் பார்ப்பியளே?"

"ஓம்" என்றாள் துஷாந்தினி. "நான் பார்த்துக்கொள்ளுறன்."

"பெரிய உபகாரம்" என்றார் அண்ணை. கையெடுத்துக் கும்பிட்டார். கீர்த்திகா முகத்தைத் திருப்பிக்கொண்டது திரையின் ஓரத்தில் தெரிந்தது. பிறகு யாரோ அவருக்குச் சூப் கொண்டுவந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

வெளியே லூர்த்தம்மா, தேசிக்காய் ரெண்டு பிடுங்கட்டோ என்று கேட்டாள். "பிடுங்குங்கோ அக்கா" என்று துஷாந்தினி குரல் கொடுத்தாள். பிறகு எழும்பிப் போய் முகத்தைக் கழுவினாள்.